நிறம் போனால் சாயம் போனதா?

திருகோணமலையின் லிங்கநகரிலோ உவர்மலையிலோ பத்து வருடத்துக்கு முன் வெள்ளைப் பெயின்ற் அடித்த வெளிச்சுவர் ஒன்றில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைத் தூள் ஒட்டிவரும். சுண்ணாம்பு அடித்த மதில் என்றால் இதில் வியக்க ஒன்றுமில்லை. பெயின்ற் அப்படிப்பட்டதல்ல, காய்ந்து இறுகியபின் மழை அதைக் கரைக்காது. அதே வாளியில் மிஞ்சியதை வீட்டுக்குள் அடித்திருந்தால் அந்தச் சுவரில் தூள் வராது. வெளியிலும்கூட, தாழ்வாரத்தின் நிழல் விழும் இடத்தைவிட வெயில் நேரே விழும் இடத்தில்தான் அதிகம் வரும். அப்படியென்றால் வெயில் பெயின்றை என்ன செய்கிறது?

பெயின்றின் முக்கிய கூறுகள் இரண்டு. ஒன்று நிறம் தரும் நுண்தூள். மற்றது அந்தத் தூளைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் பிணைப்பான் என்ற சேதனப் பொருள். வெள்ளைப் பெயின்றின் தூள் பெரும்பாலும் டைட்டேனியம் ஈரொட்சைட்டு. வெயிலும் ஈரமும் பிணைப்பானை எப்படியும் மெல்ல அரிக்கும். அந்த அரிப்பில் தூளும் சேர்ந்துகொள்கிறது. வெயில் பட்ட டைட்டேனியம் ஈரொட்சைட்டுத் துணிக்கை தன்னைச் சுற்றியுள்ள பிணைப்பானைச் சிதைக்கத் தொடங்கும். பிணைப்பான் போனதும் பிடி விட்ட தூள் கையோடு வருகிறது. தூளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சுற்றியிருந்த பொருள்தான் சிதைந்தது. இப்படித் தான் செலவாகாமல் ஓர் இரசாயனத் தாக்கத்தை விரைவாக்கும் பொருளை ஊக்கி என்கிறோம். அந்த வேலைக்கு ஒளி தேவைப்பட்டால் அது ஒளியூக்கி.

பெயின்ற் கம்பனிகளுக்கு இது பெரிய தலையிடி. அதனால்தான் இன்று வெளிச்சுவர்ப் பெயின்றில் சேர்க்கும் துணிக்கைகளுக்குச் சிலிக்காவாலும் அலுமினாவாலும் மெல்லிய உறை போடுகிறார்கள். இரசாயனவியலாளருக்கோ இதே குணம் பயன்பட்டது. 1938 இல் லண்டனில் குடீவ், கிச்சனர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு நீலச் சாயத்தோடு டைட்டேனியம் ஈரொட்சைட்டைச் சேர்த்து அதன்மேல் கழியூதா (புற ஊதா) ஒளியை விழவிட்டார்கள். சாயம் வெளுத்தது, தூள் மாறவில்லை. 1972 இல் ஜப்பானின் பூஜிஷிமாவும் ஹொண்டாவும் இதே பொருளின்மீது ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரையே ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கலாம் என்று எழுதியபோது உலகத்தின் கவனம் இதன் பக்கம் திரும்பியது. கழிவுநீரில் கலந்த சாயங்களை வெயிலைக் கொண்டே உடைக்கலாமா என்ற கேள்வி அதன் தொடர்ச்சியாக வந்தது.

திருகோணமலைக்காரருக்கு இந்தக் கதையில் தனி உரித்து உண்டு. நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர் போனால் புல்மோட்டை. அங்குள்ள கடற்கரையின் கறுப்பு மணலில் பெரும்பங்கு இல்மனைற்று. இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம் அது. அதோடு டைட்டேனியம் ஈரொட்சைட்டின் இயற்கை வடிவமான ரூற்றைலும் கலந்திருக்கிறது. மணலை அகழ்ந்து விற்க 1957 இல் அரசு ஒரு கூட்டுத்தாபனத்தையே அமைத்தது. தமிழ்நாட்டில் மணவாளக்குறிச்சிக் கரையிலும் இதே வகை மணல்தான்.

பூந்தியின் மஞ்சள்

இனி உணவுச் சாயத்துக்கு வருவோம். கேசரி, பூந்தி, சர்பத், ஐஸ்பழம், கடையில் பொதியிட்டு விற்கும் இனிப்பு ஆகியவற்றின் மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் ஒரே இரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பொதியின் பின்புறம் 102 என்ற எண் இருந்தால் அது டார்ட்ரசின். 1884 இல் சுவிற்சர்லாந்தில் கண்டுபிடித்த மஞ்சள் சாயம் அது. 110 என்றால் சன்செற் யெலோ, 122 என்றால் கார்மொய்சின். இவற்றின் மூலக்கூறுகளில் காபன் வளையங்களை நடுவில் ஒரு பாலம் இணைக்கிறது. இரண்டு நைதரசன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கைகோத்த அந்தப் பாலத்துக்கு அசோ பிணைப்பு என்று பெயர். வளையங்களின் இலத்திரன்கள் பாலத்தின் வழியே மூலக்கூறு முழுவதும் பரவி நிற்பதால் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு பகுதியை அது உறிஞ்சுகிறது. டார்ட்ரசின் உறிஞ்சுவது ஊதா, நீலப் பகுதியை. மிஞ்சி வருவது மஞ்சள். பாலத்தை வெட்டினால் நிறம் போய்விடும்.

அனுமதித்த அளவில் இவை நஞ்சல்ல. டார்ட்ரசினுக்கு உலக உணவு, சுகாதார அமைப்புகளின் கூட்டு நிபுணர் குழு 2016 இல் வைத்த வரம்பு, நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 200 மில்லிகிராம். ஆனாலும் ஐயம் முற்றாகத் தீரவில்லை. 2007 இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ரன் பல்கலைக்கழகத்தினர் சில சாயக் கலவைகளுக்கும் பிள்ளைகளின் மிகைத் துடிப்புக்கும் தொடர்பு கண்டதாக எழுதினார்கள். 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தச் சாயங்கள் சேர்த்த பொதிகளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். இவற்றோடு ரோடமின் பியைக் குழப்பக்கூடாது. 2024 பெப்ரவரியில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடும் பஞ்சுமிட்டாயைத் தடைசெய்யக் காரணமான அந்த இளஞ்சிவப்பு, உணவுக்கு அனுமதியே இல்லாத துணிச் சாயம்.

நமது கேள்வி, சாப்பிட்டபின் அல்ல, கழுவியபின் என்ன ஆகிறது என்பது. இனிப்பும் குடிபானமும் செய்யும் இடங்களில் பாத்திரங்களையும் தொட்டிகளையும் கழுவும் தண்ணீரோடு சாயம் போகிறது. இந்த மூலக்கூறுகளில் சல்போனேற்று என்ற கந்தகக் கூட்டங்கள் ஒட்டியிருப்பதால் அவை தண்ணீரில் நன்றாகக் கரையும். குடல் அவற்றை மிகக் குறைவாகவே உறிஞ்சும் என்பது உணவில் நன்மை. கழிவுநீரில் அதே குணம் தொல்லை. காற்றூட்டும் சுத்திகரிப்புத் தொட்டியில் சீனியையும் மாப்பொருளையும் தின்னும் பற்றீரியாக்கள் இவற்றைப் பெரும்பாலும் தொடுவதில்லை. காற்றில்லாத குழியில் வாழும் பற்றீரியாக்கள் அசோ பாலத்தை வெட்டும். நிறம் மறையும். ஆனால் வளையங்கள் அரோமற்றிக் அமீன் என்ற துண்டுகளாக அங்கேயே கிடக்கும். உணவுச் சாயங்களைத் தெரிந்தெடுக்கும்போது துண்டுகளும் சல்போனேற்றுச் சுமந்தவையாக, உடலில் தங்காதவையாக இருக்கும்படி பெரும்பாலும் பார்த்துக்கொண்டார்கள். துணிச் சாயங்களுக்கு அந்தக் கவனம் இல்லை. அவற்றுள் சிலவற்றின் துண்டுகள் மூலச் சாயத்தைவிடக் கொடியவை.

வெயிலில் காயும் சட்டை வெளுக்கிறதே, வடிகால் சாயம் தானாக வெளுக்காதா? சில வெளுக்கும். 127 ஆம் இலக்க எரித்ரோசின் ஒளியில் விரைவாக மங்கும். டார்ட்ரசின் மங்காது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மாதக்கணக்கில் மஞ்சளாக நிற்க வேண்டும் என்பதற்காகவே தெரிந்தெடுத்த சாயம் வடிகாலில் மட்டும் எப்படி இளகும்?

இடம் மாற்றுவதும் அழிப்பதும்

சாயக் கழிவு ஓர் ஊரை என்ன செய்யும் என்பதற்குத் திருப்பூர் சாட்சி. நொய்யல் ஆற்றில் விட்ட கழிவு ஒரத்துப்பாளையம் அணையையே பாசனத்துக்கு உதவாததாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாட்டோடுதான் அவை மீண்டும் திறந்தன. தண்ணீரை மென்சவ்வில் வடிகட்டி, எஞ்சியதைக் கொதிக்கவைத்து வற்றச்செய்தால் தண்ணீர் சுத்தமாகும். உப்பும் சேறும் மிஞ்சும். சாயம் தண்ணீரிலிருந்து சேற்றுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். கரியில் வடிகட்டினாலும் அதே கதை. ஒளியூக்கியின் மீது ஆய்வாளருக்கு ஆசை வந்தது இதனால்தான். அது சாயத்தை இடம் மாற்றுவதில்லை, உடைக்கிறது.

உடைப்பது எப்படி? டைட்டேனியம் ஈரொட்சைட்டு ஒரு குறைகடத்தி. அதன் இலத்திரன்கள் சாதாரணமாகக் கீழ்ச் சக்திப் பட்டையில் கட்டுண்டு கிடக்கின்றன. அதற்கு மேலே வெறுமையான ஒரு பட்டை உண்டு. இரண்டுக்கும் நடுவே இலத்திரன் நிற்க முடியாத இடைவெளி. இதைத் தாண்ட வைக்க ஒளி வேண்டும், அதிலும் போதிய சக்தியுள்ள ஒளி. மாங்காய்க்குக் கல் எறிந்தவர்களுக்கு இது விளங்கும். மெல்ல எறிந்த நூறு கல்லும் காயை விழுத்தாது. வேகமாக எறிந்த ஒரு கல் விழுத்தும். ஒளியும் கல் கல்லாக, அதாவது போட்டன்களாகத்தான் வருகிறது. சிவப்பு, மஞ்சள் போட்டன்கள் எத்தனை கோடி வந்தாலும் இந்த இடைவெளியைத் தாண்டவைக்காது. அலைநீளம் ஏறத்தாழ 387 நனோமீற்றருக்குக் குறைந்த கழியூதாப் போட்டன் ஒன்று போதும்.

இலத்திரன் மேலே தாவியதும் கீழே அது இருந்த இடம் வெறுமையாகிறது. அந்த வெற்றிடத்துக்குத் துளை என்று பெயர். துளைக்கு இலத்திரன் பசி அதிகம். மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் தண்ணீரிலிருந்து ஓர் இலத்திரனை அது பறிக்கும்போது ஐதரொட்சில் மூலிகம் பிறக்கிறது. மேலே தாவிய இலத்திரனைக் கரைந்திருக்கும் ஒட்சிசன் வாங்கி இன்னொரு தீவிர மூலிகமாகிறது. ஐதரொட்சில் மூலிகம் குளோரினையும் ஓசோனையும்விடக் கடுமையான ஒட்சியேற்றி. அசோ பாலத்தை முதலில் தாக்கும், பிறகு வளையங்களைத் திறக்கும், துண்டுகளை இன்னும் சிறிதாக்கும். முடிவுவரை போனால் காபன் காபனீரொட்சைட்டாகவும், கந்தகம் சல்பேற்றாகவும், பாலத்து நைதரசன் பெரும்பாலும் நைதரசன் வாயுவாகவும் போய்ச் சேரும்.

இதில் மூன்று குறைகள். சூரிய ஒளியின் சக்தியில் கழியூதாவின் பங்கு நூற்றில் ஐந்தளவுதான், மிச்சம் வீண். தாவிய இலத்திரன்களில் பெரும்பாலானவை வேலை எதுவும் செய்யாமல் மீண்டும் துளையில் விழுந்து வெறும் வெப்பமாகின்றன. மூன்றாவது, ஐதரொட்சில் மூலிகத்தின் ஆயுள் ஒரு செக்கனின் நூறு கோடியில் சில பங்கு. பிறந்த இடத்திலிருந்து சில நனோமீற்றர் போவதற்குள் அது முடிந்துவிடும். சாயம் துணிக்கையின் பக்கத்தில் இல்லாவிட்டால் மூலிகம் பிறந்தும் பயனில்லை.

சிரட்டையும் ஊமலும் உமியும்

தாவரக் கழிவு உள்ளே வருவது இந்த மூன்று குறைகளையும் குறைக்கத்தான்.

சிரட்டையைக் காற்றில்லாமல் எரித்துக் கரியாக்கி, அந்தக் கரியை 800 பாகை செல்சியசுக்கு மேல் நீராவியில் வாட்டினால் உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் திறக்கும். நல்ல சிரட்டைக் கரியின் ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர் பரப்பு மடிந்து கிடக்கிறது. நமது காணிக் கணக்கில் 40 பேர்ச்சஸ், கால் ஏக்கர். இலங்கைக்கு இது புதிய தொழிலல்ல; சிரட்டையிலிருந்து செயலூட்டிய கரி செய்து உலகெங்கும் அனுப்பும் நாடுகளில் இதுவும் ஒன்று. சாய மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த ஒட்டுதலைப் புறத்துறிஞ்சல் என்பார்கள். கரியின்மேல் டைட்டேனியம் ஈரொட்சைட்டைப் படியவைத்தால், தேடி வந்து ஒட்டிய சாயம் ஊக்கியின் வாசலிலேயே நிற்கும். குறுகிய ஆயுளுள்ள மூலிகத்துக்கு இலக்கு பக்கத்தில் கிடைக்கிறது. உயர் வெப்பத்தில் செய்த கரி மின்னைக் கடத்தும் என்பதால் தாவிய இலத்திரனைத் தன் பக்கம் இழுத்து, அது துளையில் திரும்ப விழுவதையும் தாமதப்படுத்துகிறது.

ஒளிக் குறைக்கு வேறொரு வழி. பழத்தோலையோ இலையையோ தண்ணீரோடு மூடிய கலத்தில் 200 பாகையளவில் அவித்தால் பத்து நனோமீற்றருக்கும் குறைந்த காபன் புள்ளிகள் கிடைக்கும். கழியூதா விளக்கின் கீழ் அவை நீலமாக ஒளிரும். கட்புல ஒளியை உறிஞ்சி இலத்திரனை ஊக்கிக்குக் கொடுக்கக் கூடியவை என்பதால் வெயிலின் மிச்சப் பங்கிலும் கொஞ்சம் வேலைக்கு வருகிறது. தம்பலகாமத்து உமியும் உதவும். உமிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா; ஊக்கியைத் தாங்கும் மேடையாக அது நிற்கும். பனம்பழம் உண்டு, கிழங்கும் எடுத்தபின் மிஞ்சும் ஊமல் கடினமானது. அதன் கரி ஒரு காலத்தில் கொல்லரின் உலைக்குப் போனது. தும்பு மிதக்கும்; அதில் ஊக்கியை ஏற்றினால் ஒளி படும் மேல்மட்டத்திலேயே நிற்கவைக்கலாம்.

கழிவு என்பதற்காக அள்ளிக் கொட்டவும் முடியாது. கரி கறுப்பு. அளவு மிஞ்சினால் ஊக்கிக்குப் போக வேண்டிய ஒளியைக் கரியே குடித்துவிடும். எவ்வளவு கரி போதும் என்பதே இந்த ஆய்வுகளின் முக்கிய கணக்கு.

உடைந்தது என்று எப்படித் தெரியும்?

ஆய்வுக் கட்டுரைகளின் படத்தில் முதலில் வருவது இரண்டு குப்பிகள்: ஒன்று மஞ்சள், மற்றது தெளிந்த நீர். அந்தப் படம் எதையும் நிரூபிக்காது. கரி சாயத்தை ஒட்டவைத்தாலும் தண்ணீர் தெளியும். அசோ பாலம் மட்டும் வெட்டுப்பட்டாலும் தெளியும். இரண்டிலும் சாயத்தின் காபன் முழுவதும் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதனால் கவனமான ஆய்வாளர் முதலில் எல்லாவற்றையும் இருட்டில் வைப்பார். ஒட்ட வேண்டியது ஒட்டி முடிந்து, நிறம் மேலும் குறையாமல் நின்றபின்தான் விளக்கைப் போடுவார். அதற்குமேல் குறைவதே ஒளியின் கணக்கு. கூடவே ஊக்கி இல்லாமல் ஒளி மட்டும் பட்ட குப்பி ஒன்றும் இருக்கும். நிறத்தைக் கண் அளப்பதில்லை. டார்ட்ரசின் மிகுதியாக உறிஞ்சும் 427 நனோமீற்றர் ஒளியைக் கரைசலினூடு அனுப்பி எவ்வளவு மறுபக்கம் வருகிறது என்று கருவி அளக்கும்.

மூலிகத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை. அதன் வேலையைத்தான் காண்கிறோம். ரெரப்தலிக் அமிலம் என்ற ஒளிராத பொருளைச் சேர்த்தால் ஐதரொட்சில் மூலிகம் அதில் ஒட்டி நீலமாக ஒளிரும் புதிய பொருளாக்குகிறது. ஒளிர்வு கூடினால் மூலிகம் பிறக்கிறது என்று பொருள். எதிர்ப்பக்கத்திலிருந்தும் சோதிக்கலாம். மூலிகத்தை விரைந்து விழுங்கும் ஐசோபுரோபைல் அற்ககோலைச் சேர்த்தால் சாயச் சிதைவு மந்தமாகிறதா என்று பார்ப்பார்கள். மந்தமானால் வெட்டியது மூலிகம்தான்.

இன்னொரு பொறியும் உண்டு. சாயம் தானே ஒளியை உறிஞ்சி இலத்திரனை ஊக்கிக்குக் கொடுத்துத் தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளலாம். கட்புல ஒளியில் வேலை செய்யும் ஊக்கி என்று விளம்பரப்படுத்தும் பலவற்றில் இது கலந்திருக்கிறது. நிறமற்ற பீனோலைக் கொடுத்து அதையும் உடைக்கிறதா என்று பார்த்தால்தான் ஊக்கியின் சொந்தத் திறமை தெரியும்.

கடைசித் தீர்ப்பு காபனுடையது. கரைசலில் இருக்கும் மொத்தச் சேதனக் காபனை அளக்கும் கருவி நிறத்தைப் பார்ப்பதில்லை. நிறம் முழுவதும் போனபின்னும் காபன் பாதிக்குமேல் மிஞ்சியிருக்கலாம். தாவரக் கரியில் இது இன்னும் சிக்கல். நன்றாக எரியாத கரி தானே காபனைத் தண்ணீரில் கசியவிடும். அதையும் தனியே அளந்து கழிக்க வேண்டும். மிஞ்சிய தண்ணீரில் பயறு முளைக்கிறதா, வேர் நீள்கிறதா என்று பார்ப்பதும் எளிய, நேர்மையான சோதனை.

குப்பியிலிருந்து வாய்க்காலுக்கு

ஆய்வுகூடத்தில் காய்ச்சி வடித்த நீரில் சாயத்தை மட்டும் கரைப்பார்கள். இனிப்புக் கடைக் கழிவில் சீனியும் எண்ணெயும் மாவும் சாயத்தைவிடப் பல மடங்கு அதிகம். மூலிகம் ஆள் பார்த்துத் தாக்காது. சீனியோடு மோதியே தீர்ந்துவிடும். கரையோரக் கிணற்று நீரின் இருகாபனேற்றும் குளோரைட்டும் மூலிகத்தை விழுங்கும். அதனால் இந்த முறைக்குரிய இடம் முதற்படியல்ல, கடைசிப் படி. சீனியையும் மாவையும் பற்றீரியா தின்று முடித்தபின், அது தொடாமல் விட்ட சாயத்தை உடைக்க ஆழமற்ற தட்டில் நீரை வெயிலில் ஓடவிடலாம். திருகோணமலையில் வருடத்தின் பெரும்பகுதி வெயிலுக்குக் குறைவில்லை. மாரியில் மட்டும் வேறு ஏற்பாடு வேண்டும்.

தூளைத் திரும்ப எடுப்பதும் கட்டாயம். டைட்டேனியம் ஈரொட்சைட்டும் 171 ஆம் இலக்க வெள்ளை உணவுச் சாயம்தான். பாதுகாப்பானது என்று இனிக் கருத முடியாது என 2021 இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை சொன்னபின் 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை உணவிலிருந்து நீக்கியது. மஞ்சளை எடுக்கப் போட்ட வெள்ளையைக் கடலுக்கு விடுவது தீர்வாகாது. கரிக்கட்டியிலோ தும்பிலோ இறுகப் படியவைப்பதன் இன்னொரு நன்மை இதுதான்.

புல்மோட்டை மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் ஊக்கியை இங்கேயே செய்துவிடலாம் என்று எண்ணத் தோன்றும். இல்மனைற்றிலிருந்து இரும்பைப் பிரிக்கும் பழைய முறைக்குச் செறிந்த கந்தக அமிலம் வேண்டும். அது இரும்புச் சல்பேற்றையும் அமிலக் கழிவையும் பெருமளவில் விட்டுச்செல்லும். ஒரு கழிவைத் தீர்க்க இன்னொன்றை உண்டாக்காத முறை வேண்டும். அதுவரை மணல் மூலப்பொருளாகவே கப்பலேறும்.

தாவரக் கழிவும் சூரிய ஒளியும் சாயத்தை அழித்தன என்று பத்திரிகையில் இனி வாசித்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இருட்டில் எவ்வளவு குறைந்தது? காபன் எவ்வளவு குறைந்தது? தூளைத் திரும்ப எடுத்தார்களா? உயர்தரத்தில் செயற்றிட்டம் செய்யும் மாணவர்களுக்கும், அவர்களுக்கு மதிப்பெண் இடும் ஆசிரியர்களுக்கும் இவையே கேள்விகள். இரண்டு குப்பிகளின் படத்துக்குப் பரிசு கொடுக்காதீர்கள். காபன் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.